லேபிள் எழுதியவர்

கல்யாண வீட்டுல இருந்தா வாறியன்னு கேட்டியளே தம்பி, இல்ல. கையில இருக்கது பூசின மஞ்சள் இல்ல. நல்லாப் பாருங்க. நைட்ரிக் ஆசிட். கையில பட்டா இப்படித்தான், மஞ்சளாவே நின்னுரும். சோப்பு, சீயக்காய், மண்ணெண்ணெய் எதுக்கும் போவாது. தோல் உரிஞ்சு புதுத்தோல் வந்தாத்தான் போகும். பத்து நாளாச்சு. பஸ்ஸுல ஏறினா போதும், யாருக்குக் கல்யாணம்னுதான் எல்லாரும் கேக்காவ.

மதுரைக்குத்தான். கண்ணாஸ்பத்திரிக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல, என் கண்ணு நல்லாத்தான் இருக்கு, கிட்டத்துல வாசிக்கதுக்குத்தான் கண்ணாடி வேணும். எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு பிள்ளைக்கு அடிபட்டுட்டு. எப்சிபான்னு பேரு. அவளப் பாக்கத்தான். பாக்கன்னா... ஒரு தாள்ல கையெழுத்து வாங்கணும். ஹெச்.ஓ.டி. அம்மா குடுத்து விட்டிருக்காவ. இந்தா, இந்தக் கவர்ல இருக்கு. அல்வா என் வீட்டுக்காரி குடுத்து விட்டது. நான் வாங்கல.

நான் யாருன்னு சொல்லலியே. கோமதிநாயகம். பாளையங்கோட்டையில ஒரு காலேஜ், பேரு எதுக்கு இப்போ, அதுல கெமிஸ்ட்ரி ஸ்டோர் அட்டெண்டர். இருபத்தொம்பது வருசம். வார மே மாசம் ரிட்டயர்டு. அது வரைக்கும் என் பேர்ல ஒரு கறுப்புப் புள்ளி விழாம இருந்தா பென்ஷன் ஒழுங்கா வந்துரும். விழுந்துட்டா விசாரணை, அது, இதுன்னு இழுத்தடிப்பான். இத எதுக்குச் சொல்லுதேன்னா, சும்மாதான் சொல்லுதேன்.

அந்தக் காலத்துல ப்ராக்டிகல் முடிஞ்சா மிச்சம் மீதியெல்லாம் தொட்டியில ஊத்திக் குழாயத் திறந்து விட்டுருவோம். அதுக்கும் மிஞ்சினா பின்னால உடைமரத்துப் பக்கம் ஒரு குழி. மரம் பட்டுப்போச்சு, ஏன்னு ஒருத்தனும் கேக்கல. நாலு வருசத்துக்கு முன்னாலதான் எங்க காலேஜுல சட்டம் போட்டாவ. இனி ஒரு சொட்டு தொட்டியில ஊத்தக்கூடாது, பாட்டில்ல புடிச்சு, லேபிள் ஒட்டி, பெட்டியில அடுக்கி வைக்கணும், மூணு மாசத்துக்கு ஒருக்க லாரி வந்து எடுத்துட்டுப் போகும்னு. யாரு பாக்கது அந்த வேலைய? வாத்தியாருமாரு எல்லாம் மூக்கப் புடிச்சிட்டு ஓடிட்டாவ. நான்தான் பாத்தேன்.

கஷ்டமான வேலைதான். ஆனா அதுல ஒண்ணு இருக்கு தம்பி. லாரி வரும்லா, டிரைவர் இறங்கி ஒரு அட்டைய நீட்டுவாரு. அதுல நிரப்பிக் குடுக்க ஒரு பாரம், நாலு காப்பி. அனுப்புநர்னு ஒரு கட்டம். "சார், இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க"ன்னு சொல்லுவாரு. சார்! இருபத்தொம்பது வருசத்துல என்னைய யாரு சார்னு கூப்பிட்டா? வாத்தியாருக்கு நான் நாயகம். பிள்ளையளுக்கு அட்டெண்டர் அண்ணே. என் வீட்டுக்காரி கூப்பிடுதத இங்க சொல்ல முடியாது. அந்த டிரைவர் ஒருத்தர்தான் சார்னு கூப்பிட்டது. அதுக்குன்னே சட்டைப் பையில ஒரு நல்ல பேனா வச்சிருந்தேன். லாரி வாற அன்னைக்கித் தேய்ச்ச சட்டைதான் போடுவேன். சிரிக்காதீய.

அப்பந்தான் இவ வந்தா. போன ஜூன்ல. எம்.எஸ்.சி. படிச்சிருக்கா, முப்பது வயசு இருக்கும், ஒரு பெண் பிள்ளைக்குத் தாய். கான்ட்ராக்ட் வேலைதான், வருசா வருசம் புதுப்பிக்கணும். வந்த மறு மாசமே அவளச் சென்னைக்கு மூணு நாள் ட்ரெயினிங் அனுப்பினாவ. எதுக்குன்னு நினைக்கிய? கழிவு எப்படிக் கட்டி அனுப்பணும்னு படிக்கதுக்கு! நாலு வருசமா கட்டி அனுப்பினவன் இங்க நிக்கேன், என்னைய ஒரு வார்த்தை கேக்கல. நான் சென்னையவே பாத்ததில்ல தம்பி.

திரும்பி வந்தா பாருங்க, வாயத் திறந்தா ரூல்ஸ்தான். "அண்ணாச்சி, பாட்டில முக்காவாசிக்கு மேல நிரப்பாதீங்க, சூட்டுல உள்ள இருக்கது விரியும்." "அண்ணாச்சி, பஞ்ச வச்சு அடைக்கக்கூடாது, அந்தந்த பாட்டிலுக்கு அதோட மூடிதான்." "அண்ணாச்சி, பேர முழுசா எழுதுங்க, சுருக்கி எழுதினா லாரிக்காரருக்குப் புரியாது. யார் எழுதினாங்கன்னு கீழ கையெழுத்தும் போடணும்." பெட்டிக்குள்ள நான் மரத்தூள் போடுவேன், பாட்டில் முட்டிக்கிடாம. அதுவும் தப்பாம், ஆசிட் கசிஞ்சா மரத்தூள் தீப்புடிக்குமாம். அதுக்குப் பதிலா ஏதோ அப்பளப்பூ மாதிரி, தீப்புடிக்காத ஒரு மண்ணு வாங்கிப் போட்டா. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, ஆசிட்டும் ஸ்பிரிட்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கக்கூடாது. ஆசிட் கீழ் தட்டு, ஸ்பிரிட் வகையறா மேல் தட்டு. நான் வச்சிருந்தது பாட்டில் உயரத்துக்குத் தக்கன வரிசை. பாக்க எவ்வளவு லெச்சணமா இருக்கும்! எல்லாத்தையும் கலைச்சுட்டா.

கண் கழுவுதுக்குன்னு ஒரு குழாய் வேற. மேல் பார்த்து ரெண்டு பக்கமும் தண்ணி பீச்சும். நான் அதுல டிபன் பாக்ஸ் கழுவுவேன். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா, நான் போன பிறகு அவளே தேய்ச்சு வச்சிருவா. அது இன்னும் எரிச்சல். திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம்லா?

இன்னொண்ணு பண்ணுவா. யாரு பாட்டில் குடுத்தாலும் ஒரு சொட்டு எடுத்து லிட்மஸ் தாள்ல வச்சுப் பாப்பா. லேபிள் என்ன சொல்லுது, உள்ள இருக்கது என்ன சொல்லுதுன்னு. ஹெச்.ஓ.டி. அம்மா டாக்டர் பட்டம் வாங்கினவுக, அவிய பாட்டிலுக்கும் தாள் வச்சா! நான் நினைச்சேன், சரி, இன்னைக்கி இவளுக்கு இருக்குன்னு. அந்த அம்மா என்ன சொன்னாவ தெரியுமா? "எப்சிபா வந்த பிறகுதான் இந்த ஸ்டோர் ரூமுக்குள்ள பயமில்லாம நுழைய முடியுது"ன்னாவ. நான் பக்கத்துலதான் நிக்கேன். கையில விளக்குமாறு.

வயித்தெரிச்சல்னு வச்சுக்கோங்க. சொல்லுததுக்கு என்ன வெக்கம்? எரிஞ்சுது. ராத்திரி சோறு இறங்கல. ஆனாலும் பொறுத்துக்கிட்டேன். பொறுக்க முடியாம போனது லாரி வந்த அன்னைக்கி. ஜூலையில. நான் தேய்ச்ச சட்டை, பேனா, எல்லாம் ரெடி. டிரைவர் இறங்கினாரு, அட்டைய நீட்டினாரு. யார்கிட்ட? "மேடம், கையெழுத்து." ட்ரெயினிங் போனவுகதான் இனிமே போடணுமாம். அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. பாத்துட்டுப் போட்டா. டிரைவர் என் பக்கம் திரும்பி, "பெரியவரே, அந்தப் பெட்டிய ஒரு கை புடிங்க"ன்னாரு. புடிச்சேன். வேற என்ன செய்ய?

அன்னைல இருந்து அவகூட நான் முகம் குடுத்துப் பேசல. அவ மட்டும் தினமும் "சாப்டீங்களா அண்ணாச்சி"ன்னு கேப்பா.

கோவில்பட்டி தாண்டிட்டா? சரி.

ஆயுத பூசை வந்துது தம்பி. எங்க டிபார்ட்மெண்ட்ல ஆயுத பூசைன்னா அது என்னுது. தராசு, பர்னர், கண்ணாடிச் சாமான், பீரோ, எல்லாத்தையும் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, பொரி கடலை வச்சு, நான்தான் சூடம் காட்டுவேன். பிரின்சிபால் வந்தா என் கையாலதான் திருநூறு வாங்கணும். எப்சிபா வேதக்காரப் பிள்ளை, சர்ச்சுக்குப் போறவ, ஆனாலும் நாற்காலி போட்டு ஏறி நின்னு மாவிலைத் தோரணம் கட்டினா. கட்டிட்டுச் சொன்னா, "அண்ணாச்சி, கழிவு பாட்டில மட்டும் தொட வேண்டாம். திங்கக்கிழமை லாரி. எல்லாம் லேபிள் போட்டு ரெடியா இருக்கு."

தொட வேண்டாமாம். எங்கிட்ட சொல்லுதா, ஆயுத பூசை அன்னைக்கி.

அவ மத்தியானம் வீட்டுக்குப் போயிட்டா, பிள்ளைக்குக் காய்ச்சல்னு. நான் எல்லாத்தையும் இறக்கித் தரையில வச்சேன். தூசியா இருந்துது தம்பி! பூசைக்கு வைக்கத அப்படியே வைக்க முடியுமா? அசிட்டோன் தொட்டுத் துணியால துடைச்சேன். கண்ணாடி பளபளன்னு ஆயிட்டு. பார்த்தா மூணு பாட்டில்ல லேபிளும் போச்சு. அழியாத மார்க்கர்னு சொல்லித்தான் கடையில விக்கான். அசிட்டோன் பட்டா எதுதான் நிக்கும்? இருபத்தொம்பது வருசமா எனக்குத் தெரியாதா அது? தெரியும். தெரிஞ்சுதான்னு சொல்லல. அப்போ நினைப்பு வரல.

லேபிள் இல்லாத பாட்டில லாரிக்காரன் ஏத்த மாட்டான். அவளுக்குத் தெரிஞ்சா அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிஞ்சா, "நாயகம், உம்மள யாரு தொடச் சொன்னா?" பிரின்சிபால் முன்னால. யோசிச்சுப் பாருங்க. புது லேபிள் மூணு எடுத்தேன். முகர்ந்து பார்த்தேன். கையெல்லாம் சந்தனம், எத முகர்ந்தாலும் சந்தன வாசந்தான் அடிக்கி. மூணும் வெள்ளைத் தண்ணி மாதிரிதான் இருக்கு. சரி, இது மேல் தட்டுல இருந்துது, இது கீழ் தட்டுல இருந்துதுன்னு ஞாபகத்துல வச்சு எழுதினேன். என் நல்ல பேனாவால. எழுதிக் கீழ கையெழுத்தும் போட்டேன்.

எப்படி இருந்துது தெரியுமா? மூணு மாசமா லேபிள் எழுதுதது அவதான், என் கையெழுத்து ஒரு பாட்டில்லயும் இல்ல. அன்னைக்கி மூணுல இருந்துது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வச்சு, பழைய வரிசையில, உயரத்துக்குத் தக்கன, அடுக்கிட்டு நின்னு பார்த்தேன். மனசு நிறைஞ்சு போச்சு தம்பி, பொய் சொல்லல.

திங்கக்கிழமை. பகல் பதினோரு மணி. பக்கத்து ரூம்ல பிள்ளைய பதினெட்டு பேரு ப்ராக்டிகல்ல நிக்காவ. அன்னைக்கிப் புழங்கின ஸ்பிரிட் மிச்சம் கொஞ்சம் இருந்துது. எப்சிபா ஸ்டோருக்குள்ள வந்தா, வரிசை மாறி இருக்கதப் பார்த்தா, பொட்டப் பார்த்தா, லேசாச் சிரிச்சா. ஆல்கஹால் கழிவுன்னு எழுதி இருந்த பாட்டில எடுத்தா. அரைவாசிதான் இருந்துது. அதுல ஸ்பிரிட்ட ஊத்தினா, மூடினா, மேசையில வச்சா. ஆசிட் தெறிக்காம கண்ணுக்குப் போடுத கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு பாரம் எழுத உக்காந்தா.

அந்த பாரம். அனுப்புநர் கட்டம். நான் நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன்.

ஒரு அஞ்சாறு நிமிசம் இருக்கும். பாட்டிலுக்குள்ள பழுப்பா ஏற ஆரம்பிச்சுது. எனக்கு அந்தப் பழுப்பு தெரியும் தம்பி. அது ஆல்கஹால் இல்ல. நைட்ரிக். ரெண்டும் சேந்தா என்ன ஆகும்னு படிக்காதவனுக்கும் தெரியும், நான் படிக்கலேன்னாலும் பாத்திருக்கேன். அவ நிமிந்து பார்த்தா. "அண்ணாச்சி, இது ஆல்கஹால்தானே?"ன்னு கேட்டா.

எனக்குப் பேச்சு வரல. புகை. புகை தொண்டையில ஏறி அடைச்சுட்டு. ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்டயும் அதான் சொன்னேன்.

அவ என்னையத் தள்ளினா பாருங்க, ரெண்டு கையாலயும் நெஞ்சுல, நான் கதவுப் பக்கம் போய் விழுந்தேன். பாட்டிலத் தூக்கிட்டு ரெண்டு எட்டு, புகை போற கூண்டு இருக்கும்லா, அதுக்குள்ள வச்சு அதோட கண்ணாடிக் கதவ இழுத்து இறக்கினா. முக்காவாசி இறங்கிட்டு. இன்னொரு சாண் இறங்கியிருந்தா ஒண்ணும் இல்ல. டமார்னுச்சு.

நான்தான் அவளத் தூக்கிட்டு அந்தக் குழாய்க்கிட்ட ஓடினேன். டிபன் பாக்ஸ் கழுவுத குழாய். பதினஞ்சு நிமிசம் கண்ணத் திறந்து புடிச்சுத் தண்ணியில காட்டணும்னு அவதான் சொல்லித் தந்திருந்தா, நான் காதுல வாங்காத மாதிரி நின்னப்போ. எல்லாம் ஞாபகம் இருந்துது. இந்தக் கையாலதான் புடிச்சேன். அப்பப் பட்டதுதான் இந்த மஞ்சள்.

தண்ணி ஓடிக்கிட்டு இருக்கும்போது அவ சொன்னா, "உங்க எழுத்துன்னு பார்த்தேன் அண்ணாச்சி. அதான் தாள் வச்சுப் பாக்கல."

கேட்டியளா? ஹெச்.ஓ.டி. பாட்டிலுக்கு லிட்மஸ் வைப்பாளாம். என் பாட்டிலுக்கு வைக்க மாட்டாளாம். ரூல்ஸ் ரூல்ஸ்னு ஊரக் கூட்டினவ, அன்னைக்கி எங்க போச்சு ரூல்ஸ்? யாரு அவள என் எழுத்த நம்பச் சொன்னா? நான் சொன்னனா?

அதோட விட்டாளா? ஆஸ்பத்திரியில ஹெச்.ஓ.டி. அம்மா அழுதுக்கிட்டே கேட்டாவ, யாரு லேபிள் எழுதினதுன்னு. பாட்டில் சுக்குநூறா போச்சு, லேபிள் கரிஞ்சு போச்சு, சாட்சி கிடையாது. நான் கால்மாட்டுல நிக்கேன். கட்டுக்குள்ள இருந்து இவ சொல்லுதா, "நான்தான் மேடம். அவசரத்துல மாத்தி எழுதிட்டேன்." அம்மா வெளிய போன பிறகு எங்கிட்ட மெதுவா, "மே மாசம் வரைக்கும் பேசாம இருங்க அண்ணாச்சி."

அன்னைல இருந்து ஊரே அவளத் தலையில தூக்கி வச்சு ஆடுது. பதினெட்டு பிள்ளையளக் காப்பாத்தினாளாம். தப்ப ஒத்துக்கிட்ட நேர்மையாம். பிரின்சிபாலே மதுரைக்குப் போயிட்டு வந்தாரு. ஆப்பிள் என்ன, ஹார்லிக்ஸ் என்ன! எனக்கு மஞ்சக்காமாலை வந்து ஒரு மாசம் படுத்தேன், ஒருத்தர் எட்டிப் பாத்தாவளா? ஒரு சாத்துக்குடி? இடது கண்ணு தெரியுமா தெரியாதான்னு இன்னும் ஒரு மாசம் போனாத்தான் சொல்லுவாவளாம். தெரியணும். தெரியும். அவ கெட்டிக்காரி, அவளுக்கு எல்லாம் சரியாத்தான் வரும்.

நேத்து அம்மா கூப்பிட்டு இந்தக் கவரக் குடுத்தாவ. விசாரணைத் தாள். அவ கையெழுத்துப் போட்டுட்டா கதை முடிஞ்சுது. கான்ட்ராக்ட் அன்னைக்கே ரத்து. "அடுத்த லாரிக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுருங்க நாயகம்"ன்னாவ. நீங்கன்னு சொன்னாவ தம்பி, முதல் தடவையா. நான் வீட்டுக்குப் போய்ச் சட்டையத் தேய்க்கக் குடுத்தேன். இந்தச் சட்டைதான்.

கண்ணு கட்டி இருக்கதால அவளுக்கு இடம் தெரியாது, நீங்கதான் கையப் புடிச்சுக் கட்டத்துல வைக்கணும்னு வேற அம்மா சொல்லி விட்டாவ. இந்த மஞ்சக் கையால.

விருதுநகரா இது? அப்போ நேரம் இருக்கு. தம்பி, ஒரு உதவி. கண்ணாடி வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். இந்தக் கட்டத்துக்கு மேல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் வாசிங்க.

'லேபிள் எழுதியவர்.' ம். கீழ? 'ஜெ. எப்சிபா.' டைப்பே அடிச்சுட்டாவளா!

லேபிள் எழுதினவரு எப்சிபாவாம். எப்படி இருக்கு பாருங்க! யாரு எழுதினா? அவளா எழுதினா? நான் எழுதினேன், என் பேனாவால, பூசை அன்னைக்கி, பொட்டு வச்சு. லாரிக் கட்டத்த எடுத்துக்கிட்டா. அம்மா வாயில இருந்த நல்ல வார்த்தைய எடுத்துக்கிட்டா. பிள்ளையள எடுத்துக்கிட்டா. இப்போ இதையுமா? நான் எழுதினதுக்கும் அவ கையெழுத்தா? எனக்குன்னு ஒண்ணு மிச்சம் வைக்க மாட்டாளா அவ?

புகையும் இல்ல தம்பி. சொல்லிருதேன். அவ கேட்டப்போ பாட்டில் மூடித்தான் இருந்துது. புகை எல்லாம் பிறகுதான் வந்துது. தொண்டை நல்லாத்தான் இருந்துது.

இந்தக் கவர மடியில வச்சு அமுக்கிப் புடிங்க, பஸ்ஸு ஆடுது. பேரு எந்த இடம்? இதா? ஒரு கோடு போட்டு அடிக்கேன். மேல என் பேரு. அடிச்சு எழுதினா செல்லாதுன்னு நினைக்காதீய. அடிச்ச இடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டா செல்லும். பாரத்துக்கு அப்படி ஒரு ரூல் இருக்கு, அவதான் சொல்லித் தந்தா. கட்டத்துக்குள்ள ஒண்ணு. அடிச்சதுக்குப் பக்கத்துல ஒண்ணு.

நேரா விழுந்திருக்கா? நல்லாப் பாருங்க.

ரெண்டு கையெழுத்து தம்பி. ஒரே தாள்ல எனக்கு ரெண்டு. அவளுக்கு ஒண்ணுகூட இல்ல.